பூங்காவுக்கு விட்ட 32 சென்ட்டில் கம்பி வேலி போட்டுவிட்டார்கள், வழி சொல்லுங்கள்

வேப்பமரத்தடி | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இன்று எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஒரு சின்ன நகராட்சியின் ஓரத்தில். 1996இல் மனை போட்ட இடம். மொத்தம் நாலேகால் ஏக்கர். சாலைகள் போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு, 32 சென்ட், பூங்காவுக்கு என்று விட்டிருக்கிறார்கள். பூங்கா என்று பெயர்தான். ஊஞ்சலோ நடைபாதையோ எதுவும் கிடையாது. மூன்று வேம்பு, ஒரு புங்கன், நடுவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடி ஆடிப் புல் தேய்ந்துபோன ஒரு பட்டை. மழைக்கு அப்புறம் ஓரமெல்லாம் ஆவாரை பூக்கும். என் பெரிய மகள் சைக்கிள் பழகியது அங்கேதான். எதிர்வீட்டுப் பாட்டி தினமும் நான்கு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டாவது வேம்புக்கு அடியில் உட்காருவார்.

போன வியாழக்கிழமை காலையில் ஜேசிபி வந்தது. ஆவாரையையும் புல்லையும் வழித்துப் போட்டார்கள். மரத்தில் கை வைக்கவில்லை. மதியத்துக்குள் கல்கால் நட்டுக் கம்பி வேலி கட்டி, "இந்த இடம் தனியாருக்குச் சொந்தமானது, அத்துமீறி நுழையாதீர்" என்று தகரப் பலகையும் மாட்டிவிட்டார்கள். கேட்டால் பட்டா இருக்கிறது என்கிறார்கள். காட்டவும் செய்தார்கள். உண்மையிலேயே பட்டா இருக்கிறது. அங்கேதான் எங்களுக்குக் கால் நடுங்கிவிட்டது.

நாற்பத்தோரு வீடு. எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள். இளைஞர்கள் வேலியைப் பிடுங்கிப் போடலாம் என்கிறார்கள். எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

பழைய சர்வேயர் | ஞாயிறு, இரவு 9.48

அம்மா, முதலில் வேலியில் யாரும் கை வைக்க வேண்டாம். அதை நாளைக் காலையிலேயே அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பிடுங்கினால் நாளை மறுநாள் காவல் நிலையத்தில் உங்கள் பிள்ளைகள் பெயரில் மனு இருக்கும். அப்புறம் பேச்சு பூங்காவைப் பற்றி இருக்காது, வேலியைப் பற்றித்தான் இருக்கும்.

எனக்கு நான்கு விவரம் வேண்டும். புல எண், உட்பிரிவோடு. மனைப்பிரிவு அனுமதி எண். பூங்கா இடத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா, யாருக்கு எழுதினார்கள். அவர்கள் காட்டிய பட்டா யார் பெயரில் இருக்கிறது. 1996இல் அந்த இடம் நகராட்சியா, ஊராட்சியா என்பதையும் சொல்லுங்கள்.

நிழல்வனம் | ஞாயிறு, இரவு 10.05

படிக்கவே வயிறு எரிகிறது அக்கா. மரங்களைப் படம் எடுத்து வையுங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தேதியும் இடமும் விழுகிற மாதிரி. மரம் இரவில்தான் விழும்.

தென்னந்தெரு | ஞாயிறு, இரவு 11.20

எங்கள் பகுதியில் இதே கதை. 2015இல் நாங்கள் விழிப்பதற்குள் மூன்று மாடி எழும்பிவிட்டது. கடைக்கால் எடுக்கும் முன்பே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நேரம் இருக்கிறது, விடாதீர்கள்.

வேப்பமரத்தடி | செவ்வாய், மாலை 6.30

சர்வேயர் ஐயா, நன்றி. வேலியைத் தொடவில்லை. கேட்டதைத் தேடிப் பார்த்தோம்.

முதல் முதலில் வீடு கட்டி வந்த ஓர் ஐயாவின் டிரங்குப் பெட்டியில் மனைப்பிரிவு வரைபடம் கிடைத்தது. நீல மை மங்கிப் போயிருந்தாலும் அனுமதி எண்ணும் முத்திரையும் தெளிவாகப் படிக்க முடிகிறது. அந்த 32 சென்ட் இடத்தில் "பூங்கா" என்று எழுதிப் பச்சைப் பென்சிலால் நிழல் தீட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அந்த ஐயா கண் கலங்கிவிட்டார். மனை வாங்கும்போது அந்தப் பச்சையைக் காட்டித்தான் தன் மனைவியைச் சம்மதிக்க வைத்தாராம்.

பட்டா, மனை போட்டவரின் தகப்பனார் பெயரில் இருந்து இப்போது மகன் வழிப் பேரனுக்கு மாறியிருக்கிறது. அப்போது இந்த இடம் ஊராட்சி. பிற்பாடுதான் நகராட்சியோடு சேர்த்தார்கள். தானப் பத்திரம் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

பழைய சர்வேயர் | செவ்வாய், இரவு 8.15

நான் நினைத்தது சரிதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். முப்பத்திரண்டு வருடம் சங்கிலி பிடித்தவன் சொல்கிறேன்.

மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது சாலையையும் பொது ஒதுக்கீட்டு இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு இருக்கிற 2019ஆம் வருட ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் அதுதான். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை நீங்கலாகப் பத்து சதவீதம் இடமாகவே விட வேண்டும், அதற்குப் பதில் பணம் கட்டிவிட்டுப் போக முடியாது. 3,000க்கும் 10,000க்கும் நடுவில் இருந்தால்தான் பணம் கட்டுகிற வழி உண்டு. உங்களுடையது நாலேகால் ஏக்கர். ஏறக்குறைய 17,000 சதுர மீட்டர்.

சரி, தானப் பத்திரம் பதிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கேதான் ஓட்டை. பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். ஆனால் பட்டாவும், ஊர் நிலத்தையெல்லாம் புல எண்படி எழுதி வைத்திருக்கிற அ-பதிவேடும் வருவாய்த் துறையில். அந்தக் காலத்தில் ஒன்று நடந்தால் மற்றொன்றுக்குத் தானாகத் தெரியாது. ஊராட்சித் தலைவர் பத்திரத்தை வாங்கிப் பீரோவில் வைப்பார். "இந்த 32 சென்ட்டை உட்பிரிவு செய்து, ஊராட்சி பெயரில் பூங்கா என்று ஏற்றுங்கள்" என்று யாரும் தாசில்தாருக்கு எழுத மாட்டார்கள். நிலம் பழையபடி புஞ்சையாகவே, பழையவர் பெயரிலேயே கிடக்கும். இருபது வருடம் கழித்து வாரிசு வருகிறார். பட்டாவில் தாத்தா பெயர். வாரிசுச் சான்று கொடுத்து மாற்றிக்கொள்கிறார். மனைகளெல்லாம் விற்றுப்போய் அவரவர் பெயருக்கு ஏறியிருக்கும், மிச்சம் நிற்பது பூங்காவும் சாலையும்தான். நான் வேலையில் இருந்தபோது இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். சில சமயம் அந்த வாரிசுக்கே உண்மையில் தெரியாது, நம் தாத்தா சொத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஆகவே பட்டாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பட்டா வருவாய்ப் பதிவு. தானம் கொடுத்தவருக்கு அதற்கு அப்புறம் அந்த இடத்தில் உரிமை கிடையாது. இல்லாத உரிமை வாரிசுக்கு எங்கிருந்து வரும்? பத்திரத்தைக் கண்டுபிடிப்பதுதான் இப்போதைக்கு முழு வேலையும்.

பதிவுத் துறையின் இணையத் தளத்தில் புல எண்ணைப் போட்டு வில்லங்கம் பாருங்கள். 1995 முதல் 2000 வரை. பழைய புல எண்ணிலும் பாருங்கள், உட்பிரிவு எண்ணிலும் பாருங்கள். "ஊராட்சிக்குத் தானம்" என்று ஏதாவது வரி இருந்தால் ஆவண எண்ணைக் குறித்துக்கொண்டு சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். அதை ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) கேட்காதீர்கள், அதற்கென்று தனி வழி இருக்கிறது என்று திருப்பிவிடுவார்கள்.

ஆர்டிஐ வேறு இரண்டு இடத்துக்கு. நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று: இந்த எண்ணுள்ள மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், அனுமதி ஆணை, அதன் நிபந்தனைகள். நகராட்சிக்கு ஒன்று: பொது ஒதுக்கீட்டு இடங்களின் பதிவேடு, ஊராட்சியிடம் இருந்து சேர்க்கும்போது ஒப்படைத்த சொத்துப் பட்டியல். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகல் மட்டும் கேட்காமல் "கோப்பை நேரில் பார்வையிட வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. நகலாகக் கேட்டால் "ஆவணம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்கிறவரிடம் அப்படிச் சொல்வது கஷ்டம்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

கீழத்தெரு ஆசிரியை | செவ்வாய், இரவு 9.30

ஐயா எழுதியதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். எங்கள் பள்ளிக்குப் பக்கத்துத் திடலுக்கும் இது பொருந்தும் போலிருக்கிறது.

மலைக்கு மேற்கே | புதன், காலை 7.05

மேலூர்ப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். நகரத்துப் பூங்காவுக்கும் எங்கள் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

அரிட்டாபட்டி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஏழு குன்று, ஊற்று, கண்மாய், சமணர் படுகை, தமிழி எழுத்து, குடைவரைச் சிவன் கோயில். ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் வருடக்கணக்காகப் பறவையை எண்ணினார்கள், கல்வெட்டைப் படி எடுத்தார்கள், எந்த ஊற்று எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று நடந்து பார்த்து எழுதி வைத்தார்கள். அப்போது யாரும் அதைப் போராட்டம் என்று சொல்லவில்லை. வல்லூறு எங்கே கூடு வைக்கிறது என்று வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறவரை வேலையில்லாதவர் என்றுதான் சிலர் நினைத்தார்கள். 2022 நவம்பரில் அரசு, அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு அடியில் கிடந்தவை இந்தக் குறிப்புகள்தான்.

இரண்டே வருடம். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த சேதி வந்தது. 2,015 ஹெக்டேர். அந்த 193ம் அதற்குள்ளே. எங்கள் பக்கத்து ஊர்களில் கிராம சபை கூடித் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது. டிசம்பர் 24ஆம் தேதி மத்திய அரசு என்ன சொன்னது தெரியுமா? பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மறுபடி பார்க்கலாம் என்றது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். காகிதம் 193 ஹெக்டேரைக் காப்பாற்றியிருக்கும். மிச்சம் 1,800 சொச்சம் ஹெக்டேரில்தான் மற்ற ஊர்களின் வயலும் கண்மாயும் கோயில் காடும் இருக்கின்றன. அவற்றுக்கு அறிவிப்பு எதுவும் கிடையாது. அரிட்டாபட்டிக்காரர்கள் "எங்கள் மலை தப்பித்தது" என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை வரை நடந்தோம். நானும் நடந்தேன். என் முன்னால் ஒரு அம்மா செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே வெறுங்காலோடு வந்தார். ஜனவரி 23ஆம் தேதி ஏலத்தையே ரத்து செய்தார்கள்.

அதனால் தங்கச்சி, சர்வேயர் ஐயா சொன்ன காகிதத்தைத் தேடுங்கள், அது இல்லாமல் நிற்க முடியாது. ஆனால் நாற்பத்தோரு வீடும் சேர்ந்து நடக்கிற நாள் ஒன்று வரும். அதற்கு இப்போதே ஆளைச் சேர்த்து வையுங்கள்.

நிழல்வனம் | புதன், காலை 8.40

மெய்சிலிர்க்கிறது அண்ணா.

வேப்பமரத்தடி அக்கா, இடம் கைக்கு வந்ததும் சொல்லுங்கள். எங்கள் குழு வந்து அடர்வனம், அதாவது நெருக்கமாகக் கன்று வைத்து வளர்க்கிற குறுங்காடு, போட்டுத் தருகிறோம். 32 சென்ட்டில் பாதியை எடுத்தால்கூட ஆயிரத்துக்கு மேல் கன்று வைக்கலாம். காடாகிவிட்டால் யாரும் கை வைக்கத் தயங்குவார்கள். ஊர்ப்புறங்களில் சும்மா கிடக்கிற மேய்க்கால் நிலங்களையும் இப்படி மரம் வைத்துத்தான் மீட்க வேண்டும் என்பது என் கருத்து.

கொழுக்கட்டைப்புல் | புதன், பகல் 1.15

தம்பி, உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் "சும்மா கிடக்கிற மேய்க்கால்" என்று எழுதிவிட்டீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக ஆடு. தாராபுரத்துக்குப் பக்கம். மேய்க்கால் சும்மா கிடப்பதில்லை. ஆடு மாடு நடக்கிறது, கௌதாரி முட்டை வைக்கிறது, ஆள்காட்டி வெறுந்தரையில் கூழாங்கல்லுக்கு நடுவில் குஞ்சு பொரிக்கிறது. மழை பெய்து பத்து நாள் கழித்துப் போய்ப் பாருங்கள், முழங்கால் உயரத்துக்குப் புல். எங்கள் பக்கம் கொரங்காடு என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல். காங்கேயம் மாடு அதில்தான் வளர்ந்தது. அது பட்டா நிலம்தான், ஆனாலும் அதைப் பார்த்தால் தெரியும், எங்கள் மண்ணில் நிலம் உயிரோடு இருப்பதற்கு அடுக்கடுக்காக மரம் தேவையில்லை. புல்லும் தூரத்துக்கொரு மரமும் போதும்.

எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஆறு ஏக்கர் மேய்க்காலில் நல்ல மனதோடு ஒரு குழு வந்து சுற்றிலும் வலை கட்டி மரக்கன்று நட்டது. ஆடு உள்ளே போக முடியாது. இரண்டு கோடையில் முக்கால்வாசிக் கன்று பட்டுப்போனது. வலை மட்டும் நின்றது. மேய்ப்பவர்கள் வேறு பக்கம் போய்ப் பழகிவிட்டார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த இடத்தில் ஒரு ஓரமாகக் கல் குடோன் வந்தது. அதைத் தட்டிக் கேட்க அங்கே மேய்க்கிறவன் இல்லை.

பதிவேட்டிலும் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து தரிசு என்றுதானே எழுதி வைத்திருக்கிறார்கள். தீர்வை (நிலவரி) ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. தீர்வை கொடுக்காத நிலம் எல்லாம் அவனுக்குத் தரிசு. நாமும் அதே கண்ணோடு பார்க்க வேண்டுமா?

நிழல்வனம் | புதன், இரவு 9.00

அண்ணா, மன்னிக்கவும். மதியத்தில் இருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "சும்மா" என்ற வார்த்தையை எழுதியிருக்கக் கூடாது.

நகரத்துக்குள் குப்பை கொட்டி நாறிக் கிடந்த இடங்களில் அடர்வனம் நன்றாக வந்திருக்கிறது, அதை நான் என் கண்ணால் பார்க்கிறேன். தெருவில் வெயில் குறைகிறது. அந்த வேலையை நிறுத்த மாட்டேன். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் மண்வெட்டியோடு இறங்கும் முன் அங்கே ஆடு ஓட்டுகிறவரிடம் கேட்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அடுத்த இடம் ஒரு மேய்க்கால்தான். சனிக்கிழமை கன்று எடுத்துப் போக இருந்தோம். தள்ளி வைத்துவிட்டேன்.

கொழுக்கட்டைப்புல் | புதன், இரவு 9.25

நல்லது தம்பி. எந்த ஊர் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

கீழத்தெரு ஆசிரியை | வியாழன், மாலை 5.40

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வரும்போது முதலில் வண்டி போகிறது எங்கே? என் வகுப்பில் படித்த இரண்டு பிள்ளைகளின் வீடு ஓடைக் கரையில் இருந்தது. ஒரு நாள் காலை எட்டு மணிக்கு இடித்தார்கள். சட்டப்படி அது நீர்நிலைப் புறம்போக்கு. இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை அடுத்த வாரம் பள்ளிக்குப் புத்தகம் இல்லாமல் வந்தது, அதற்கு அடுத்த வாரம் வரவே இல்லை. அதே ஓடையை அடைத்துக் கட்டிய மண்டபத்தின் மதில் இன்னும் நிற்கிறது.

பசுமைக்காகப் பேசுகிற நாம் எழுதுகிற மனுவில் "அனைத்து ஆக்கிரமிப்புகளையும் அகற்றுக" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். யாரை முதலில் அகற்றுவார்கள் என்று நமக்குத் தெரியும்.

மலைக்கு மேற்கே | வியாழன், இரவு 7.30

டீச்சர் சொல்வது சரி. நாங்கள் இப்போது மனுவில் புல எண்ணும் பரப்பும் கட்டடமும் பெயர் சொல்லித்தான் எழுதுகிறோம். குடியிருக்கிற இடமாக இருந்தால் மாற்று இடம் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அதே மனுவில் எழுதுகிறோம். அதை எழுதியதால் அந்தக் குடும்பங்களே எங்களோடு வந்து நின்றார்கள்.

கறுப்புக்கோட்டு | வெள்ளி, இரவு 10.30

வழக்குகளோடு பழகுகிறவன். சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் பற்றி 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா. பெங்களூரின் ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு என்று வைத்திருந்த இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். உங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி எழுந்தது. குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. ஒதுக்கீடும் ரத்தானது. மருத்துவமனை நல்ல காரியம்தான் என்பதற்காகக்கூடப் பூங்காவை எடுக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். உங்கள் மனுவில் இந்தத் தீர்ப்பின் பெயர் இருக்கட்டும்.

நம் மாநிலத்தில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காக்க 1959இல் இருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. உள்ளாட்சி தன் எல்லைக்குள் இருக்கிற இப்படிப்பட்ட இடங்களுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது. ஆர்டிஐயில் அந்தப் பட்டியலையும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதுவும் உங்களுக்கு ஒரு ஆதாரம்தான்.

ஊர்ப்புறத்துக்காரர்களுக்கு 2011 ஜனவரி 28 தீர்ப்பு, ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம். பாட்டியாலா மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் குளத்தை மண் போட்டு மூடி வீடு கட்டிய வழக்கு. ஊர்ப் பொது நிலத்தில் இருக்கிற ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று அதில் உத்தரவு. ஊர்ப் பொது நிலத்துக்கு ஒவ்வொரு பக்கமும் என்ன பெயர் என்று சொல்லும் இடத்தில் நம் மந்தைவெளியும் புறம்போக்கும் அந்தத் தீர்ப்பிலேயே வருகின்றன. சென்னையில் மந்தைவெளி என்றால் இன்று ரயில் நிலையம்தான் ஞாபகம் வரும். மாடு நின்ற வெளி.

ஆசிரியை சொன்னதற்கும் அதில் இடம் இருக்கிறது. நிலமற்ற கூலித் தொழிலாளர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு கொடுத்த குத்தகை போன்றவற்றை விதிவிலக்காகப் பார்க்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. மனு எழுதும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஊராட்சிச் சட்டத்தின்படி மேய்க்கால், களம், மந்தை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் ஊராட்சியின் பொறுப்பில்தான் வருகின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கிராம சபை. அதில் புல எண்ணோடு தீர்மானம் போட்டு, மினிட் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்கு உடனே ஓட வேண்டாம். முதலில் மனு, ஒப்புகை, நினைவூட்டல். அதிகாரி ஒன்றும் செய்யவில்லை என்பதற்குத் தாள் இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியும். கடைக்கால் தோண்டத் தொடங்கினால் மட்டும் அன்றைக்கே வாருங்கள், தடை கேட்கலாம்.

தென்னந்தெரு | சனி, காலை 6.50

வக்கீல் சார், எங்கள் மூன்று மாடிக்கு ஏதாவது வழி உண்டா?

கறுப்புக்கோட்டு | சனி, காலை 9.10

வரைபடமும் தானப் பத்திரமும் இருந்தால் உண்டு. கட்டடம் எழும்பியதால் உரிமை வந்துவிடாது. தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

வேப்பமரத்தடி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.20

எல்லோருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்கிறேன்.

வில்லங்கத்தில் முதலில் எதுவும் வரவில்லை. உட்பிரிவு எண்ணில் தேடினோம், இல்லை. சர்வேயர் ஐயா தனிச் செய்தியில் சொன்னபடி பழைய புல எண்ணை மட்டும் போட்டோம். 1997, ஊராட்சிக்குத் தானம், சாலைகளும் பூங்காவும் சேர்த்து ஒரே பத்திரம். அந்த வரியைக் கண்டதும் என் மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். சான்றிட்ட நகல் எட்டு நாளில் கிடைத்தது. கொடுத்தவர் கையெழுத்து, வாங்கிய தலைவர் கையெழுத்து, நான்கு எல்லை. கிழக்கு எல்லையில் எங்கள் வீட்டு மனை எண் இருக்கிறது.

நகராட்சியில் கோப்பைப் பார்க்க நானும் டிரங்குப் பெட்டி ஐயாவும் போனோம். ஊராட்சியிடம் இருந்து வந்த சொத்துப் பட்டியலில் சாலைகள் இருந்தன, பூங்கா இல்லை. பக்கம் கிழிக்கப்படவில்லை, யாரும் அழிக்கவும் இல்லை. எழுதியவர் அடுத்த வரிக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். அந்த ஒரு வரி விட்டுப்போனதால் இத்தனை வருடம் எங்கள் பூங்காவுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போயிருக்கிறது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். நாற்பத்தோரு வீட்டில் முப்பத்தெட்டு வீட்டுக் கையெழுத்து. தாசில்தார், நகராட்சி, நகர் ஊரமைப்பு, சார்பதிவாளர் என்று நான்கு பேருக்கும் பதிவு அஞ்சலில் நகல். சார்பதிவாளருக்கு மட்டும் தனியாக, இந்தப் புல எண்ணில் இனி எதையும் பதிய வேண்டாம் என்று ஆட்சேபனை மனு.

இரண்டு வாரம் சத்தமே இல்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் அதிகாலை ஐந்து மணிக்கு செங்கல் லாரி வந்தது. எதிர்வீட்டுப் பாட்டிதான் முதலில் பார்த்தார். அந்த நேரத்துக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவர் அவர்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டியிருக்கிறார். ஆறு மணிக்கு வேலிக்கு வெளியே தெருவில் எழுபது பேர். யாரும் வேலியைத் தொடவில்லை. சான்றிட்ட நகலை ஆளுக்கொன்றாக ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தோம், எல்லோர் கையிலும் அது இருந்தது. மலைக்கு மேற்கே அண்ணா, உங்களை அப்போது நினைத்துக்கொண்டேன். லாரி ஓட்டுநர் ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, "எனக்கு எதுக்கும்மா வம்பு" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்கு மறுநாள் தாசில்தார் அலுவலகத்தில் இருந்து விசாரணைக் கடிதம் வந்தது.

போன புதன்கிழமை அளவை. அந்தப் பேரனும் வந்திருந்தார். பத்திர நகலைக் கையில் வாங்கித் தாத்தாவின் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வேலி இன்னும் இருக்கிறது. ஆனால் பலகையைக் கழற்றிவிட்டார்கள், வடக்குப் பக்கம் ஒரு கல்காலையும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சந்து வழியாகப் பிள்ளைகள் போய் வருகிறார்கள். பாட்டியின் நாற்காலி இரண்டாவது வேம்புக்கு அடியில் திரும்பிவிட்டது.

பழைய சர்வேயர் | ஞாயிறு, இரவு 8.55

ரொம்ப சந்தோஷம் அம்மா. ஆனால் இன்னும் முடியவில்லை. உட்பிரிவு எண் கொடுத்துவிட்டார்களா? அ-பதிவேட்டில் நகராட்சி பெயரில் பூங்கா என்று ஏறிவிட்டதா? புலப்படத்தில் கோடு விழுந்துவிட்டதா? நான்கு மூலையிலும் கல் நட்டார்களா?

வேப்பமரத்தடி | ஞாயிறு, இரவு 9.20

கல் நட்டார்கள் ஐயா, மூன்று மூலையில். நான்காவது மூலையில் மழைநீர் வாய்க்கால் வருவதால் அடுத்த வாரம் வந்து நடுவதாகச் சொன்னார்கள். உட்பிரிவுக் கோப்பு தாசில்தார் மேசையில் இருக்கிறது. நாளைக்கு மறுபடியும் போகிறேன். ஆவாரை நான்கு இடத்தில் துளிர்த்திருக்கிறது, படம் எடுத்து வைத்திருக்கிறேன், காலையில் போடுகிறேன்.

நிழல்வனம் | ஞாயிறு, இரவு 9.31

அக்கா, கன்று கொண்டு வரட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி | ஞாயிறு, இரவு 9.44

தெற்கு ஓரத்தில் வெயில் அடிக்கிறது தம்பி, அங்கே ஐந்து புங்கன் போதும் என்று பெண்கள் எல்லோரும் பேசி வைத்திருக்கிறோம். நடுவில் வேண்டாம். அங்கே பிள்ளைகள் ஆடுகிறார்கள்.